நான் திருப்பிக் கொடுத்த வீடியோ கேம்

என் மனைவிக்குத் தெரியாமல் அவளுடைய வீடியோ கேமைக் கடையில் திருப்பிக் கொடுத்தேன். அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் கொடுத்தேன். அதனால் செய்த தப்பு சிறியதாகிவிடவில்லை.

பக்கவாதம் வந்ததில் அவளுடைய வலது கை விரல்கள் விறைத்துவிட்டன. தொடு உணர்ச்சியும் குறைந்துவிட்டது. விரலுக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்கச் சொன்னார் பிசியோதெரபி செய்ய வந்த பெண். ரப்பர் பந்தைக் கொடுத்தால் சலித்துக்கொண்டு வைத்துவிடுவாள். பிறகு நாங்கள் குடியிருக்கும் மண்ணரையில், தெருமுனை செல்போன் கடையில், உள்ளங்கையில் அடங்குகிற மலிவான கேம் ஒன்றை அவளே பார்த்து வாங்கி வந்தாள். ஒரு குட்டி மனிதன் பாலங்களைத் தாண்டி ஓடும் விளையாட்டு அவளுக்குப் பிடித்துப்போயிற்று. விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடரலாம். அதை ஆட ஆட, கட்டைவிரல் மெல்ல அசையத் தொடங்கியது.

நான் பனியன் ஏற்றுமதி கம்பெனிகளில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தே ஓய்வு பெற்றவன். பெட்டியைப் பிரித்துச் சில பீஸ்களை எடுப்போம். தையல் விட்டிருந்தாலோ கறை இருந்தாலோ மொத்த லாட்டும் திரும்பிப் போகும். போட்டுக்கொள்ளப் போகிறவரை யாரும் கேட்பதில்லை. என் மனைவி எங்கள் மகளோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், அதே கண்ணால் அந்தக் கேமைப் பார்த்தேன். நல்லதும் இருந்தது: எடை இல்லை, இன்டர்நெட் வேண்டாம், நடுவில் விளம்பரம் வராது. ஆனால் ஸ்க்ரீன் ஓரம் மங்கல். சார்ஜ் நிற்கவில்லை. உள்ளிருந்த விளையாட்டுகளில் பாதி, ஒன்றே வேறு வேறு பெயரில். பட்டன்களோ ஒரே முரடு. ரிஜெக்ட் என்று முடிவு செய்து, மேற்கொண்டு பணம் போட்டு, பெரிய கம்பெனியுடையதாக மாற்றி வந்தேன்.

புதியதைக் கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்தவள் மடியில் வைத்துவிட்டாள். கை அதன் கனத்தைத் தாங்கவில்லை.

"அந்த முரட்டுப் பட்டன அமுக்குனாத்தானுங்க எனக்கு வெரல் இருக்கறதே தெரியுது. என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்க?"

உடனே கடைக்குப் போனேன். பழையது இன்னும் விற்கவில்லை. ஆனால் கடைக்காரர், "மறுபடி விக்கோணுமில்லீங்க சார், உள்ள ஆடி வெச்சிருந்ததையெல்லாம் அழிச்சுட்டேனுங்க" என்றார்.

அதை அவளிடம் கொடுத்து, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சரி என்று வாங்கி வைத்துக்கொண்டாள்; பல நாட்கள் தொடவில்லை. விரல் மறுபடி விறைத்தது. பிசியோதெரபி பெண் காரணம் கேட்டபோது, சோம்பேறித்தனம் என்று பழியைத் தன்மேலேயே போட்டுக்கொண்டாள். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

அதன் பிறகு முதல் பாலத்திலிருந்து ஆரம்பித்தாள். இப்போது தினமும் ஆடுகிறாள், கட்டைவிரல் அசைகிறது. எவ்வளவு தூரம் போயிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தால், ஆஃப் செய்து தலையணைக்கு அடியில் வைத்துவிடுகிறாள்.