பங்களாப் புல்லுக்குப் போன அம்மன் மாலை

ஜப்பான்காரன் காலத்தில் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு நின்றுபோனது. நானும் மனைவியும் மகளைத் தூக்கிக்கொண்டு சிடாம் கிரியிலிருந்து அலோர் ஸ்டாருக்கு வந்தோம். டவுன் ரோட்டோரம் புல் வெட்டி இலை கூட்டும் வேலை கிடைத்தது. அதையெல்லாம் நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் இருந்த பெரிய குழியில் கொட்டி, சாணமும் சாம்பலும் தூவி, தண்ணீர் தெளித்து மிதிக்க வேண்டும். மக்கினால் எரு.

அந்த எரு எங்கள் மரவள்ளிக்குத்தான் என்று எங்களை வேலை வாங்கிய மண்டோர் வாக்குக் கொடுத்தார். அவரும் தமிழர்தான். லயத்து மண் ஓடு மாதிரி இறுகிக் கிடந்தது. நட்ட கிழங்கு விரல் பருமனுக்குக்கூட விழவில்லை. அரிசியைக் கண்ணால் காண முடியவில்லை. மகள் பசிக்கு அழுவதையே விட்டிருந்தாள். அதனால் மாடு மாதிரி மிதித்தோம்.

வெயிலில் புல் காய்ந்து வரத்து குறைந்ததும், கோயிலில் கழித்த மாலைகளைக் கொண்டுவரச் சொன்னார் மண்டோர். அம்மன் மேல் கிடந்த பூவைக் கால் படாமல் ஆற்றில் விடுவதுதான் எங்கள் வழக்கம். பெண்கள் தயங்கினார்கள்.

“பிள்ளைங்க வயித்துக்குத்தானேம்மா. ஆத்தா கோவிச்சுக்க மாட்டா,” என்றார்.

என் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டு முதல் கூடையைக் கொட்டினாள். அம்மனே பெற்றவளாகப் பிள்ளைக்காகத் தன் மாலையைக் கழற்றித் தருகிறாள் என்று நம்பித்தான் நான் அதில் கால் வைத்தேன்.

எரு கறுத்துப் பொலபொலவென்று உதிர்ந்த சமயம் மாட்டு வண்டி வந்தது. ஜப்பான் அதிகாரியின் பங்களாவுக்கு ஏற்றச் சொன்னார் மண்டோர். அங்கே கிழங்கா, கீரையா போட்டிருந்தார்கள்? வெறும் புல்தரை. மஞ்சளித்த புல்லைப் பச்சையாக்க எங்கள் எருவை எங்கள் கையாலேயே இறைக்க வைத்தார்கள். இறைக்கும்போது, மக்காத வாழைநார் ஒன்று மாலை கட்டிய முடிச்சோடு மனைவியின் கையில் அகப்பட்டது.

அதைத் தூக்கிக் காட்டி, “அண்ணே, ஆத்தா பூவைப் புல்லுக்காண்ணே போடச் சொன்னீங்க?” என்று கேட்டாள்.

“மேலிடத்து உத்தரவும்மா. நான் என்னலா செய்ய முடியும்? பேசாம இறை.”

மேலிடத்து உத்தரவாம். கடைசி வண்டி எரு அவர் வீட்டுக் கொல்லையில்தான் இறங்கியது. அவர் வீட்டு மரவள்ளி ஆள் உயரம் எழும்பியது. எங்களுடையது அந்தத் தடவையும் வேராகவே வந்தது. மகள் கீரைத்தண்டுக் கஞ்சியில் பிழைத்தாள் என்றால் அது அம்மன் போட்ட பிச்சை.

அந்த நாரை மனைவி முந்தானையில் முடிந்து கொண்டுபோய், கால் படாமல் ஆற்றில் விட்டாள். மண்டோரை மன்னித்துவிடச் சொல்லி இன்றும் என்னிடம் கெஞ்சுகிறாள். வெள்ளிக்கிழமை தவறாமல் கற்பூரம் ஏற்றி எல்லாக் குறையையும் அம்மன் காலடியில் வைக்கிறேன். இதை மட்டும் வைப்பதில்லை. அம்மன் வேண்டுமானால் அவரை மன்னிக்கட்டும். நான் மாட்டேன்.