தங்கைக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது

இன்று மாட்டுங்கா சிக்னலில் ஒரு பெண்ணின் கார் நின்றுபோனது. பின்னால் ஒரே ஹாரன். எனக்கு என் தங்கை லலிதாவின் ஞாபகம் வந்துவிட்டது.

அறுபதுகளில் அப்பாவிடம் ஒரு பெரிய அமெரிக்கக் கார் இருந்தது. தொட்டாலே பாயும். பதினெட்டு வயது லலிதாவுக்கு அதை ஓட்ட நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

ஒருநாள் கிளட்சைச் சட்டென்று விட்டுவிட்டாள். கார் துள்ளி, கிங்ஸ் சர்க்கிள் நடுரோட்டில் நின்றது. பின்னால் டபுள் டெக்கர் பஸ்.

"இறங்குடி, நான் எடுக்கறேன்!" என்று கத்தினேன்.

"நீ கத்தினா என் கால் நடுங்கறது அண்ணா. சித்த சும்மா இரேன்."

வாயை மூடிக்கொண்டேன். அவள் மறுபடி ஸ்டார்ட் செய்து நிதானமாகக் கிளட்சை விட, கார் அலுங்காமல் நகர்ந்தது.

பஸ் டிரைவர் எட்டிப் பார்த்து, "சாபாஷ், பேட்டி!" என்று இந்தியில் சொந்த மகளை மெச்சுவதுபோல் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம், "அண்ணா ரொம்பப் பொறுமையா சொல்லித்தந்தான்" என்றாள்.

உங்களுக்காக இப்படிக் கூசாமல் பொய் சொல்லும் தங்கை உண்டா?