செருப்பைப் பார்த்தே சொல்லுவன்

கொழும்பு வெள்ளவத்தையில் நான் இருக்கும் தொடர்மாடியில் எதிர்வீட்டு அன்ரிக்கு ஒரு திறமை உண்டு. வாசலில் கழற்றி விட்ட செருப்பைப் பார்த்தே அது எப்படிப்பட்ட பெண்ணுடையது என்று சொல்லிவிடுவார். ஒருதரமும் பிழைத்ததில்லை என்பார்.

நான் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவள். போன வருடம் ஒரு சிங்களப் பெண் வழக்கறிஞர் உதவி கேட்டார். கொட்டாஞ்சேனையில் பாலியல் தொழில் செய்யும் ஒரு பெண்ணை, விஷயம் தெரிந்ததும் வீட்டுக்காரர் வாடகை அறையைவிட்டு எழும்பச் சொல்லியிருந்தார். அந்தப் பெண் சொல்வதை நான் சிங்களத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமைப் பின்னேரங்களில் என் வீட்டில் சந்திப்பதென்று முடிவானது.

முதல் சனிக்கிழமை, அந்தப் பெண் வருமுன் மேசையில் கிடந்த என் சங்கிலியை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். மனித உரிமை அறிக்கைகளை மொழிபெயர்க்கிற அதே கையால்தான்.

அந்தப் பெண் கஞ்சி போட்ட பருத்திச் சாறியில், தலையை இழுத்துப் பின்னி வந்தார். வழக்கறிஞர் ஜீன்ஸும் ஆம்பிளை வெட்டில் தலைமயிருமாக வந்து பால்கனியில் நின்று சிகரட் பிடித்தார்.

இருவரும் போனபின் அன்ரி கதவைத் தட்டினார்.

"பிள்ளை, குறை நினைக்காத. அந்தக் கட்டை மயிர்க்காரியை வீட்டுக்குள்ள எடுக்காத. அது சரியில்லாத கேஸ்."

"அன்ரி, அவ..."

"நீ சொல்லாத, எனக்குத் தெரியும். மற்றப் பிள்ளை தங்கம். குடும்பப் பிள்ளை எண்டு செருப்பே சொல்லுது."

நான் திருத்தவில்லை. லோயர் என்று சொன்னால், யாருடைய வழக்கு, என்ன வழக்கு என்று அன்ரி மூன்றாவது கேள்வியிலேயே பிடித்துவிடுவார்.

மூன்றாவது சனிக்கிழமை அன்ரி வடைத் தட்டோடு என் வாசலில் அந்தப் பெண்ணுக்காகக் காத்து நின்றார். கனடாவில் இருக்கும் தன் தம்பியின் மனைவி இறந்துவிட்டாராம்.

"பிள்ளை தனியத்தானே இருக்கிறீர்? என்ன வேலை செய்யிறீர்?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"காசு வாங்கிட்டு ஆம்பிளைங்களோட போறதுதான் அன்ரி என் வேலை. அதுக்காகத்தான் வீட்டக் காலி பண்ணச் சொல்றாங்க. லோயரப் பாக்க வந்தேன்." பஸ் நம்பர் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

அன்ரி குனிந்து அந்தப் பெண்ணின் செருப்பை இன்னொருதரம் பார்த்தார். பிறகு கேட்டார்:

"அப்ப அந்தக் கட்டை மயிர்க்காரி?"

"அவங்கதான் லோயர்."

அன்ரி வடைத் தட்டோடேயே உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். வீட்டுக்குள் வந்ததும் அந்தப் பெண் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "கனடாக்காரருக்கு யோகமில்ல அக்கா." பிறகு சிரிப்பு நின்றது. "வட நல்லா வாசமா இருந்திச்சு," என்றார்.

வழக்கறிஞரின் கடிதத்துக்குப் பிறகு வீட்டுக்காரர் இறங்கி வந்தார். அறை தப்பியது. அந்தப் பெண் ஒரு வெள்ளிக்கிழமை தானே செய்த கேக்கோடு வந்து, எனக்குத் தந்துவிட்டு எதிர்க்கதவையும் தட்டினார். அதுவரை அன்ரி என்னோடும் கதைக்கவில்லை.

"முட்டை போட்டதோ?"

"ஆமா அன்ரி. ஆறு."

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை." ஆனால் தட்டைத் திருப்பித் தரவில்லை. "நாளைக்குச் சாப்பிடுறன். இருக்க இடம் சரிவந்ததோ?"

"சரி வந்திரிச்சு."

"நல்லது."

ஞாயிறு காலை தட்டைக் கழுவித் துடைத்து, இரண்டு வாழைப்பழம் வைத்து என்னிடம் நீட்டினார்.

"வெறுந்தட்டுக் குடுக்கப்படாது. அவவிட்டைக் குடுத்துவிடு."

"கேக் எப்பிடி அன்ரி?"

"சீனி கொஞ்சம் கூட."