சந்தில் விழுகிற கைத்தட்டு: சித்தூரிலிருந்து திருப்பதிக்கு ஓர் அரபுக் கல்யாணப் பாட்டோடு

பஸ் விவரம் மட்டும் வேண்டும் என்பவர்கள் கடைசிக்குப் போய்விடலாம். இது கோபத்தில் எழுதியது. ஆற வைத்து எழுத எனக்கு மனமில்லை.

ஆந்திர எல்லையில் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் என்னோடு ஒரே அறையில் தங்கி வேலை பார்ப்பவள் பிரிசில்லா. அவளுடைய அம்மா எஸ்தர் ஆன்ட்டி குடிபாலாக்காரர். குவைத்தில் ஒரு வீட்டில் பதினோரு வருடம் சமையல் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். அந்த ஊர்க் கல்யாணங்களில் பெண்கள் பாடும் பாட்டுகள் அவருக்குத் தெரியும். திருப்பதியில் ஒரு நல்லிணக்கச் சங்கம் 'அரபு நாட்டுப் பாரம்பரிய இசை மாலை' என்று போஸ்டர் அடித்து அவரைக் கூப்பிட்டிருந்தது. பிரிசில்லாவுக்கு ஷிப்ட் மாற்றிக் கிடைக்கவில்லை. "எங்கம்மாவ தனியா அனுப்ப பயமா கீது, நீ போய்ட்டு வாயேன்" என்றாள். போன மாதம் ஒரு சனிக்கிழமை, வேலூரில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பினேன்.

வேலூரிலிருந்து சித்தூர் 35 கிலோமீட்டர். காலை ஏழு மணி பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. வழியில் குடிபாலாவில் ஆன்ட்டி ஏறினார். கையில் ஓர் அரிசிப் பை. உள்ளே சல்லடை அகலத்தில், ஒரு பக்கம் மட்டும் தோல் கட்டிய கை மேளம். அங்கே அதற்குத் 'தார்' என்று பெயராம்.

"மேளம் பெரிசில்ல, கைதான் முக்கியம்" என்றார். "ஒரு கூட்டம் தட்டும். அவங்க தட்டாத சந்துல இன்னொரு கூட்டம் தட்டணும். எல்லாரும் ஒண்ணாத் தட்டினா அது பாட்டு இல்ல, மீட்டிங்கு."

"நீங்கதான் பாடுவீங்களா அங்க?"

"நானா? சமையல்கட்டுலேர்ந்து எங்கள இழுத்துக்கினு வந்து உக்கார வெப்பாங்க. சிலோன்காரி ஒருத்தி, பிலிப்பைன்ஸ்காரி ஒருத்தி, நானு. தட்டுறது மட்டுந்தான். ஒரு தடவையாவது நான் பாடி எங்க ஜனம் தட்டணும். அதான் எனக்கு ஆசை."

அந்த வீட்டுக்காரர்கள் நல்லவர்களா என்று கேட்டேன்.

"பாஸ்போர்ட்ட பூட்டி வெச்சதும் அந்த வீடுதான், பாட்டக் குடுத்ததும் அந்த வீடுதான். ஒண்ணச் சொல்லிட்டு இன்னொண்ண மறைக்கச் சொல்றியா?"

சித்தூரில் ஆன்ட்டி போகிற சபை பழைய மிஷன் சபை. அதன் ஹாலில் ஒன்பது மணிக்கு ஐந்து பெண்கள் பயிற்சிக்கு வருவதாகவும், பிறகு எங்களோடு திருப்பதிக்குக் கிளம்புவதாகவும் ஏற்பாடு. போனால் ஹால் பூட்டியிருந்தது. கேட்டுக்கு வெளியே ஐந்து பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே சாவியோடு கமிட்டிப் பெரியவர்.

"முஸ்லிம் ஆளுங்க பாட்டு நம்ம ஹால்ல எதுக்கு எஸ்தரு?"

"கல்யாணப் பாட்டுண்ணே. பொண்ண அழைச்சிக்கினு வர்றப்போ பாடுறது. இதுல இன்னா கீது?"

"ஒருத்தன் வீடியோ எடுத்துப் போட்டான்னா? நம்மளையும் அவங்களையும் ஒரே கட்டா கட்டிடுவான். நாமளே பயந்துக்கினு கீறோம்."

அவருடைய பயம் பொய்யில்லை. எதற்கெடுத்தாலும் வீடியோ எடுத்து ஊரைக் கூட்டுகிற காலம் இது. ஆனால் பயப்படுகிறவர் தன்னைவிட அதிகம் பயப்படுகிறவரைத் தள்ளிவிட்டுத் தப்பிக்கப் பார்ப்பதை என்னால் மதிக்க முடியாது. அந்த ஹாலில் இருக்கிற ஆர்மோனியம் எந்த ஊரில் பிறந்தது? அவர்கள் ஞாயிறுதோறும் பாடுகிற மெட்டுகளில் எத்தனை கடல் தாண்டி வந்தவை? கேட்டேன். "நீ எந்தூரு பாப்பா?" என்றார். அதுதான் பதில். ஐந்து பெண்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

திருப்பதிக்கு 70 கிலோமீட்டர். எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் இரண்டு மணி நேரம். ஆந்திராவின் ஆதார் இருக்கும் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். என்னுடையது தமிழ்நாட்டு ஆதார், ஆகவே 110 ரூபாய். கண்டக்டர் பையை எட்டிப் பார்த்து, "ஏண்ட்டம்மா இதி, ஜல்லெடா?" என்றார். "ஆமா, பாட்டு சலிக்கிறது" என்றார் ஆன்ட்டி. காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தார். புத்தலப்பட்டில் டீ வாங்கினோம். "அஞ்சு பேரும் கூடப் பொறந்தவளுங்க மாரி பழகினவளுங்க" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்காமல் கீழே ஊற்றினார்.

திருப்பதி பஸ் நிலையத்திலிருந்து மண்டபத்துக்கு ஆட்டோவில் 150 கேட்டு 80க்கு வந்தார்கள். சங்கத்தின் செயலாளர் வாசலிலேயே கும்பிட்டு வரவேற்றார். பிறகு ஒரு பாக்கெட்டை நீட்டினார். உள்ளே கறுப்பு அங்கி, தலைத்துணியோடு.

"ஃபோட்டோலோ பாகுண்டுந்தி அம்மா. நல்லா இருக்கும். அரபு ஃபீல் வரணும் இல்ல?"

ஆன்ட்டி அதைப் பிரித்து, மடித்து, திரும்ப அவர் கையில் வைத்தார். "சார், பதினோரு வருசம் அந்த ஊர்ல இருந்தேன். எங்க மேடம் ஒரு நாள்கூட இதப் போடுன்னு சொல்லல. நீங்க சொல்றீங்க."

"கொஞ்சம் அட்ஜஸ்ட் ஆவுங்க..."

"நான் எஸ்தரு. குடிபாலா. இந்தப் பொடவையிலதான் பாடுவேன்."

முகம் சுருங்கிவிட்டது செயலாளருக்கு. அப்படியானால் கடைசியில் மூன்று நிமிடம் என்றார். அதற்கு முன் இரண்டு மணி நேரம் சகிப்புத்தன்மையைப் பற்றிப் பேசினார்கள். மேடையில் பேசிய எட்டுப் பேரில் ஒருவர்கூட அந்த ஊர் முஸ்லிம் இல்லை. ஒருவரைக்கூட மேடைக்குக் கூப்பிடவில்லை. சகித்துக்கொள்ள வேண்டியவர்கள் யார் என்றே தெரியாமல் ஒரு சகிப்புத்தன்மை!

ஆன்ட்டி மேடையேறி முதலில் கைத்தட்டைச் சொல்லிக்கொடுத்தார். இடப்பக்கம் ஒரு கூட்டம், வலப்பக்கம் ஒரு கூட்டம். பாட ஆரம்பித்ததும் மண்டபம் முழுக்க போன்கள் உயர்ந்தன. எல்லாருடைய கையிலும் போன். யாருக்கும் தட்டக் கை இல்லை. நான் ஒருத்தி தட்டினேன், அதுவும் தப்பாக. பாதியில் மேளத்தை நிறுத்தினார். "கை இல்ல. பாட முடியாது" என்று மைக்கில் சொன்னார். பாட்டு முடிந்துவிட்டதென்று நினைத்து அத்தனை பேரும் ஒன்றாகக் கைதட்டினார்கள். செயலாளர் சால்வை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்.

அன்று குடிபாலாவில் தங்கினேன். ஞாயிறு காலை சித்தூர் சபை ஆராதனைக்கு ஆன்ட்டி மேளத்தையும் எடுத்துக்கொண்டார். முடிந்து எல்லாரும் வெளியே வரும் நேரம், கேட்டுக்கு வெளியே ரோட்டோரத்தில், பைக்குகள் நிற்கிற இடத்தில் நின்று மேளத்தை வெயிலில் காட்டினார். தோல் சூடானால்தான் சத்தம் கணீரென்று வருமாம்.

பெரியவர் வேகமாக வந்தார். "எஸ்தரு, வேணாம்."

"ஹாலு உங்குளுது. ரோடு கவர்மென்ட்டுது."

பாட ஆரம்பித்தார். முதலில் யாரும் அசையவில்லை. நான் தட்டினேன். பிறகு அந்த ஐந்து பேரில் ஒருவர் வந்தார், இன்னொருவர், இன்னொருவர். மூன்று பேர். எல்லாரும் பதற்றத்தில் ஒரே நேரத்தில் தட்டினோம்.

"மீட்டிங் போடாதீங்கடி!" என்று பாட்டுக்கு நடுவிலேயே கத்தினார். சிரித்துவிட்டோம். அதற்குப் பிறகுதான் பிடிபட்டது. நானும் ஒருவரும் தட்ட, நாங்கள் விட்ட சந்தில் மற்ற இருவர் தட்டினார்கள். அடுத்தவர் எப்போது தட்டுகிறார் என்று காது கொடுக்காவிட்டால் உங்கள் கை தப்பான இடத்தில் விழும். முந்தின நாள் மண்டபத்தில் இரண்டு மணி நேரம் பேசியும் யாரும் சொல்லாத விஷயம்.

அந்த மூவரில் ஒருவருடைய கணவர் பைக்கில் உட்கார்ந்து ஹாரன் அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார். அந்த அக்கா திரும்பவில்லை. பாட்டு முடியும்வரை தட்டிவிட்டு, பிறகு போய்ப் பின்னால் ஏறிக்கொண்டார். வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். பெரியவர் மனம் மாறினார் என்று எழுத மாட்டேன். மாறவில்லை. கேட்டைப் பூட்டிவிட்டுப் போனார்.

ஆன்ட்டி மேளத்தைப் பையில் போட்டார். "முழுசாப் பாடிட்டேன்" என்றார். அவ்வளவுதான்.

போகிறவர்களுக்கு: சித்தூர், திருப்பதி இடையே பஸ்ஸுக்கு அதிகம் காத்திருக்க வேண்டியதில்லை. சனி, ஞாயிறில் திருப்பதியில் அறை தேடி அலையாதீர்கள், சித்தூரில் தங்குங்கள். ஆட்டோவில் ஏறுவதற்கு முன்பே பேரம் பேசுங்கள். நல்லிணக்க மாலைக்கு அழைப்பு வந்தால், மேடையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் இல்லை என்று எண்ணிவிட்டு உட்காருங்கள்.

வீடியோ எங்கே என்று கேட்காதீர்கள். இல்லை. இரண்டு கையும் தேவைப்பட்டது.