வேன் அக்காவின் பிரேக்

என் அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். பிள்ளைகள் வேன் அக்கா, வேன் அக்கா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு இப்போது தெருவே அப்படித்தான் கூப்பிடுகிறது. காய்கறிக்காரர் அவளைவிட மூத்தவர், அவரும் "வேன் அக்கா, பை கொண்டு வரலையா?" என்பார். இத்தனை வருட ஓட்டத்தில் ஒரு பிள்ளையின் நெற்றிகூட முன் சீட்டில் இடித்ததில்லை. காரணம் அவளுடைய பிரேக். குறுக்கே ஓடலாமா வேண்டாமா என்று நாய் யோசிக்கும்போதே அக்காவின் கால் பிரேக்கில் இருக்கும்.

அவள் போகும் வழியில் ஒரு குன்று இருக்கிறது. காலையில் பனி விலகும் நேரத்தில் அங்கிருந்து பாராகிளைடரில் பறப்பார்கள். ஆரஞ்சும் நீலமுமாகத் துணி இறக்கைகள் சத்தமே இல்லாமல் வானத்தில் நின்றுகொண்டிருக்கும். அவை பறக்கின்றனவா, வானம்தான் நகர்கிறதா என்று தெரியாது. "அக்கா, அங்க பாருங்க! அக்கா, இங்க!" என்று வேன் முழுக்கக் கத்தும். எல்லாரும் பார்ப்பார்கள். ஓட்டுகிறவள் மட்டும் ரோட்டைப் பார்ப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நின்னு நிதானமா ஒரு தடவ பார்த்துட்டு வர்றேன்" என்று போனவள், பயிற்சி வகுப்பில் சேர்ந்துவிட்டு வந்தாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"இந்த வயசுல, இந்த உடம்ப வச்சுக்கிட்டா?"

"ஆடிக் காத்துல அம்மியே பறக்குதாம். நான் பறக்கக் கூடாதா?"

கோபத்துக்கு அடியில் இருந்தது பயம். சொல்ல எனக்கு வெட்கமில்லை. அம்மா போனபோது எனக்கு விவரம் தெரியாது, தம்பி தொட்டிலில் கிடந்தான். எங்கள் இருவரையும் வளர்த்தவள் அவள்தான். தம்பி வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டான். நானும் அவளும் இன்றைக்கும் ஒரே அறையில்தான் படுக்கிறோம். நான் இருமினால் அவள் எழுந்து உட்காருவாள். அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? அதனால் ஞாயிறுதோறும் நானும் கூடவே போனேன், நான் போய் நின்றால் காற்று ஒழுங்காக வீசும் என்பதுபோல.

பயிற்சியாளர் என் தம்பி வயசுக்காரர். புல் நுனி அசைவதைப் பார்த்தே காற்றின் குணத்தைச் சொல்வார் என்பதால் மாணவர்கள் அவரைக் காத்து மாஸ்டர் என்றார்கள். முதல் பாடம் தரையில். இறக்கையைப் புல்லில் விரித்துப் போட்டுவிட்டு, காற்று வரும்போது கயிறுகளைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்த வேண்டும். வாட்டசாட்டமான பையன்களெல்லாம் கயிற்றில் சிக்கி உருண்டார்கள். அக்கா நிறுத்திவிட்டாள். நிறுத்தியவள் கண்ணை மூடிக்கொண்டாள். அத்தனை பெரிய மஞ்சள் துணி அவள் தலைக்கு மேல் மூச்சுவிடுவதுபோல் மெல்ல அசைந்துகொண்டிருக்க, அதன் வெளிச்சம் முகத்தில் விழ, அவள் அப்படியே நின்றாள். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சிக்கல் வந்தது சின்னச் சரிவில். பாராகிளைடரில் கைக்கொரு பிரேக் கைப்பிடி உண்டு. இழுத்தால் வேகம் குறையும். இரண்டையும் ஆழமாக இழுத்தால் இறக்கை பறப்பதையே மறந்துவிடும், அப்புறம் தரைதான். ரோட்டில் பயந்தால் பிரேக்கை மிதிக்கலாம். வானத்தில் பயந்தால் கையை மேலே விட்டுவிட வேண்டும். அக்காவுக்கு இது வரவே இல்லை. ஓடுவாள், கால் தரையை விடும், இறக்கை லேசாகத் தள்ளாடும், உடனே இரண்டு கையும் இடுப்புக்கு வந்துவிடும். மூட்டை இறங்குவதுபோல் பொத்தென்று உட்காருவாள்.

"வேன் அக்கா, இறக்கைக்குப் பறக்கத் தெரியும். நீங்க அதைத் தடுக்காம இருந்தாலே போதும்" என்றார் மாஸ்டர்.

"எனக்குப் புரியுது தம்பி. கைக்குத்தான் புரியல."

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும், இத்தோடு விட்டுவிடுவாள் என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். மாஸ்டரும் கறாராகச் சொல்லிவிட்டார்.

"இந்தப் பழக்கம் போகாம உச்சியிலேர்ந்து தனியா அனுப்ப மாட்டேன். என்கூட ஜோடியா வாங்க, ஒரு சுத்து சுத்திக் காட்டுறேன்."

"வேணாம். தனியாத்தான் போகணும்" என்றாள் அக்கா.

சொன்ன விதம் சின்னப் பிள்ளையின் அடம்போல இருந்தது. ஏன் என்று கேட்டேன், இறக்கையைச் சுருட்டப் போய்விட்டாள். புதுச் சேலை எடுத்தால்கூட எனக்கு முதலில் எடுக்கிறவள், தனக்கென்று வாயைத் திறந்து ஒன்று கேட்டதை அன்றுதான் பார்த்தேன். அதற்குப் பிறகு எப்படிச் சும்மா இருப்பது?

வீட்டு ஜன்னல் கம்பியில் இரண்டு கயிறுகளைக் கட்டி, கீழே நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்தேன். நான் "மடங்குது!" என்று கத்துவேன், இறக்கை மடங்குகிறது என்று அர்த்தம். அவள் கயிற்றைத் தளரவிட்டுக் கையைத் தூக்க வேண்டும். நாற்காலியில் நன்றாகச் செய்தாள். அப்புறம் நினைத்த நேரத்தில் கத்த ஆரம்பித்தேன். துணி காயப்போடும்போது, வெங்காயம் நறுக்கும்போது, பல் தேய்க்கும்போது. ஒரு வாளித் தண்ணீர் வாசலெல்லாம் ஓடியது. பக்கத்து வீட்டு டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்காவுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டார்.

"வேன்ல மட்டும் கையத் தூக்கிடாத தாயே" என்றேன் அவளிடம்.

"வேன்ல பயம் காலுக்கு, வானத்துல பயம் கைக்குன்னு பிரிச்சுக் குடுத்துட்டேன். சண்டை வராது."

மதியத் தூக்கத்தில் அவள் கைகள் போர்வைக்குள்ளிருந்து மெதுவாக மேலே எழும். கொஞ்ச நேரம் அந்தரத்தில் நிற்கும். பிறகு ஒவ்வொரு விரலாக இறங்கித் தலையணையில் படுக்கும். நான் எழுப்ப மாட்டேன். எங்கே பறந்துகொண்டிருந்தாளோ, பாவம்.

சின்னச் சரிவில் அவள் கை கீழே வருவது நின்றது. மாஸ்டர் மறுபடி மறுபடி ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "அடுத்த ஞாயிறு உச்சி" என்றார்.

அந்த ஞாயிறு மாஸ்டர் உச்சியில் நின்றார். இறங்கும் மைதானத்தில் அவர் மனைவி வாக்கிடாக்கியோடு இருந்தார், அவரும் பயிற்சியாளர்தான். கீழிருந்து பேசுவது அக்காவின் காதுக்குக் கேட்கும், அவளால் திரும்பப் பேச முடியாது. சரி என்றால் காலை ஆட்ட வேண்டும். நான் பக்கத்தில் நின்று குன்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். விலகிக்கொண்டிருந்த பனிக்குள்ளிருந்து மஞ்சள் நிறம் கசிந்தது, பிறகு இறக்கையானது, அதற்குக் கீழே புள்ளியாக என் அக்கா. அது வந்தது என்று சொல்ல முடியாது, மிதந்தது. உலகத்தில் ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரம் நான் பயப்படவே மறந்துபோனேன்.

மைதானத்தை அடுத்த தகரக் கொட்டகைகளுக்கு மேல் வந்தபோது, வெயிலில் சூடேறிய காற்று அவளை மேலே தூக்கியது. இறக்கை பின்னால் சாய்ந்தது. வலது மூலை சட்டைக் காலர்போல உள்ளே மடங்கியது.

மைதானத்தின் நடுவில் என் இரண்டு கைகளும் வானத்தை நோக்கிப் போய்விட்டன. மாஸ்டரின் மனைவி வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனார். அவர் பேசுவதற்குள் மடங்கிய மூலை ஒரு தரம் துடித்து, தானே விரிந்துகொண்டது.

"கைய விட்டுட்டாங்க" என்றார் அவர். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அக்கா வட்டம் போட்டாள். இன்னும் மேலே போனாள். "வேன் அக்கா, ரொம்ப நல்லாயிருக்கு. இறங்கலாமா?" என்று கேட்டார் அவர். கால் ஆடவில்லை. இன்னொரு வட்டம். மறுபடி கேட்டார். இன்னொரு வட்டம். அதற்கப்புறம், மனசே இல்லாமல், ஒரு கால் மட்டும் அசைந்தது.

தரை இடுப்பளவு தூரத்தில் வரும்போதுதான் பிரேக்கை முழுசாக இழுக்க வேண்டும். அதை அவளுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. பூப்போல இறங்கி இரண்டடி நடந்து நின்றாள்.

நான் திட்டிக்கொண்டே ஓடினேன். அழுதுகொண்டும்தான்.

"கூப்பிட்டா காலை ஆட்ட மாட்டியா? மேல அப்படி என்ன பண்ணிட்டிருந்த? கீழ ஒருத்தி நிக்கிறாளேன்னு என்னை நெனச்சியா?"

ஹெல்மெட்டைக் கழற்றினாள். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. என்னிடம் அவள் பொய் சொன்னதே இல்லை.

"இல்லடி" என்றாள். "வேன்ல பயந்தா மொதல்ல பின்னாடி பிள்ளைங்களத்தான் பார்ப்பேன். இறக்கை மடங்குனப்பவும் திரும்பிட்டேன். பின்னாடி யாருமே இல்ல. அப்பத்தான் கை தானா மேல போச்சு. அதுக்கப்புறம் உன்னையும் நெனைக்கல, தம்பியையும் நெனைக்கல." ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு, "கோவிச்சுக்காத" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று வலித்தது. அவள் பழக்கப்படி என் கண்ணைத் துடைக்கக் கையைக் கொண்டுவந்தாள். நான் அந்தக் கையைப் பிடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"காத்து இருக்கும்போதே இன்னொரு தடவ போயிட்டு வா" என்றேன்.