சொன்னதைச் செய்யவில்லை

“கொண்டாங்க” என்று கையை நீட்டுவாள் சந்தனமாரி. வந்தவர்கள் பையைத் துழாவி, பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருக்கும் பழைய அறிக்கையை எடுத்துக் கொடுப்பார்கள். அவள் அதைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டாள். தன் நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிடுவாள். பெற்றவர்கள் பதறுவார்கள். “மேடம், அது பெரிய ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டு...”

“பெருசாவே இருக்கட்டும். அவிய என்னத்தப் பாத்தாவன்னு பொறவு பாப்போம். மொதல்ல பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்.”

தச்சநல்லூரில் ஓர் அரிசிக் கடையின் மாடியில் இரண்டு அறைகள். ஆட்டிசம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவள் தொழில். மூன்று வயதுப் பிள்ளையும் வரும், நாற்பது வயது ஆளும் வருவார். சுவரில் கடிகாரம் உண்டு, பேட்டரி கிடையாது. அந்தச் சத்தம் சில பேரை வேறு எதையும் கேட்க விடாதாம். இரைகிற டியூப்லைட்டைக் கழற்றிவிட்டாள். எல்லாவற்றையும்விடப் பெரிய தியாகம் பூ. தலையில் பிச்சிப்பூ இல்லாமல் வாசற்படி தாண்டாதவள், மாடியேறும் முன்பே அதை எடுத்துச் சம்புடத்தில் போட்டு அரிசிக் கடையில் கொடுத்துவிடுவாள். வாசனை சில பிள்ளைகளுக்குக் குமட்டலைக் கொண்டுவரும். “நல்ல நாளும் அதுவுமா வெறுந்தலையா நிக்கியே” என்று கடைக்கார அம்மாள் வெள்ளிக்கிழமைதோறும் அங்கலாய்ப்பாள்.

கோபம் மட்டும் அவளுக்கு மூக்குக்கு மேல் வரும். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிள்ளையைப் பற்றிப் பேசினால் போதும். “இவனுக்கு ஒண்ணும் வெளங்காது மேடம், சும்மா கோட்டிக்காரன் மாதிரி கையத் தட்டிக்கிட்டு...” என்று ஒரு தகப்பன் ஆரம்பித்தார். அவள் பென்சிலை மேசையில் வைத்தாள். “அண்ணாச்சி, அவன் காதுல விழுது. ஒங்க மொதலாளி ஒங்கள உக்கார வச்சிக்கிட்டு இப்படிச் சொன்னா கேட்டுக்கிட்டு இருப்பியளா? சொல்ல வேண்டியத எழுதிக் குடுங்க. அவன் எதுல சிரிப்பான், எதுல மணிக்கணக்கா இருப்பான், அதையும் சேத்து எழுதணும். அது இல்லேன்னா நான் வாங்க மாட்டேன்.” அந்த மனிதர் அரை மணி நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார். தன் மகன் எதில் சிரிப்பான் என்று அதுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை.

இந்தக் கோபத்தில் பாதி அவளுக்குத் தன்மீதே. ஆறு வருடம் ஓர் ஆஸ்பத்திரியில் இதே வேலை பார்த்தாள். பிள்ளைக்கு இருபது நிமிடம். ‘இயலாது’, ‘இல்லை’, ‘தெரியாது’ என்று கட்டங்கள்; அவற்றில் டிக் போட்டுப் போட்டு விரல் காய்த்துப்போனது. “எத்தன பிள்ளைக்குச் சைபர் போட்டுத் தள்ளியிருக்கேன் தெரியுமா? அந்தச் சைபரத் தூக்கிக்கிட்டுத்தான் அதுக ஊரெல்லாம் அலையுதுக” என்பாள். சொல்லும்போது எதிரே இருப்பவரைப் பார்க்க மாட்டாள்.

பெரியவர்கள் கதை வேறு விதம். முகம்மது மைதீனுக்கு முப்பத்தெட்டு வயது. கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் பாகங்களைச் சரிபார்க்கிறவர். வேறோர் இடத்தில் போய்க் கேட்டதற்கு, “கல்யாணம் ஆயிருக்கு, வேலை பாக்கீங்க, உங்களுக்கு எப்படி?” என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். சின்ன வயது விவரம் சொல்ல அம்மாவைக் கூட்டி வரச் சொன்னார்களாம். “உம்மா மவுத்தாயி பத்து வருசம் ஆச்சு. நான் ஒருத்தன் உசிரோட இருக்கேன், என்ட்ட கேளுங்கன்னேன்” என்றார் அவர். சந்தனமாரி கேட்டது ஒரே கேள்வி: “வேலையில எல்லாரோடயும் ஒட்டி இருந்துட்டு வீட்டுக்கு வந்த பொறவு என்ன செய்வீங்க?” மைதீன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “குளியலறையில உக்காந்திருப்பேன். ஒரு மணி நேரம்.” ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கேட்கத் தெரியாதவர்கள் இவருக்கு ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

போன ஜூன் மாதம் கல்லிடைக்குறிச்சியிலிருந்து கலைச்செல்வி வந்தாள். அப்பளக் கம்பெனியில் கூலிக்கு அப்பளம் தேய்க்கிறவள். கூட மகள் தேன்மொழி, ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. பிள்ளை வகுப்பில் பேசுவதில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று பள்ளிக்கூடத்தில் கெடு வைத்திருந்தார்கள். பத்து நாளைக்குள், ‘இந்தப் பள்ளியில் படிக்க ஏற்றவள் அல்ல’ என்று எங்காவது எழுதி வாங்கி வர வேண்டும். வந்தால் மாற்றுச் சான்றிதழ் தயார். அந்தக் காகிதத்தோடு போனால் வேறு பள்ளியும் சேர்க்காது. அனுப்பிவிட்டால் பிள்ளை வீட்டோடுதான். “எழுதித் தராண்டாம்க்கா. எழுதாம இருக்கதுக்கு வழி இருந்தா சொல்லுங்க” என்றாள் கலைச்செல்வி.

சந்தனமாரி வழக்கம்போல் பழைய அறிக்கையின்மேல் உட்கார்ந்தாள். சீமையிலிருந்து வந்த சோதனைப் பெட்டியைத் திறந்தாள். அதில் பொம்மைக்குப் பிறந்தநாள் கொண்டாடும் விளையாட்டு ஒன்று உண்டு. விளையாட்டு மாவில் கேக் பிடித்து, குச்சிகளை மெழுகுவர்த்தியாக நட்டு, பொய்யாகத் தீக்குச்சி கிழித்து ஏற்றினாள். பிறகு பெட்டியோடு வந்த புத்தகத்தில் உள்ளபடியே, “ஊது தாயி, ஊதி அணைச்சிரு” என்றாள்.

தேன்மொழி ஊதவில்லை. கேக்கைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் நீட்டி, ஒவ்வொரு குச்சியின் நுனியையும் பைய அமுக்கினாள். கடைசிக் குச்சியில் வெடுக்கென்று கையை இழுத்து, விரலை உதறி, வாயில் வைத்துக்கொண்டாள்.

“விளக்க வாயால ஊதக் கூடாதுல்லாக்கா” என்றாள் கலைச்செல்வி, மன்னிப்புக் கேட்கிற குரலில். “வீட்டுல சொல்லி வச்சிருக்கேன். மொதல்ல காட்டுன ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தான் செஞ்சா.”

சந்தனமாரி எழுந்து, உட்கார்ந்திருந்த அறிக்கையை அப்போதுதான் பிரித்தாள். மூன்றாம் பக்கத்தில் இருந்தது: ‘மெழுகுவர்த்தியை ஊதச் சொன்னபோது சொன்னதைச் செய்யவில்லை. கற்பனை விளையாட்டு அறவே இல்லை.’

அடப் பாவிகளா! இல்லாத நெருப்பு சுட்டுவிட்டதென்று விரலை உதறுகிறது ஒரு பிள்ளை; அதற்குக் கற்பனை இல்லையாம். சந்தனமாரிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எழுதினவனைத் திட்டினாள். அடுத்த மூச்சில் தன்னையும் திட்டிக்கொண்டாள். “நானும் ஊதுன்னுதான சொன்னேன்? எங்க வீட்டுல எவளாவது விளக்க ஊதியிருக்காளா? புத்தகத்துல போட்டிருக்குன்னு வாய் தானா சொல்லுது, சவம்.”

மறு ஞாயிற்றுக்கிழமை கல்லிடைக்குறிச்சிக்கே போனாள். கலைச்செல்வி வீட்டு வாசலில் அப்பளம் காய்ந்துகொண்டிருந்தது. தேன்மொழி பாயில் வரிசை வரிசையாகப் பரப்பிக்கொண்டிருந்தாள். சந்தனமாரியும் பக்கத்தில் குத்தவைத்து, கேள்வி ஏதும் கேட்காமல், வேண்டுமென்றே அப்பளங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி நெருக்கி வைத்தாள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் பிள்ளை வாயைத் திறந்தது. “ஒண்ணுமேல ஒண்ணு வச்சா ஒட்டிக்கிடும். கொஞ்சம் தள்ளி வையுங்க.” சொல்லிவிட்டு, அவள் வைத்தவற்றையெல்லாம் எடுத்து மறுபடி பரப்பியது. இரண்டு சொல்லுக்கு மேல் சேர்த்துப் பேசாது என்று பழைய அறிக்கை அடித்துச் சொன்ன பிள்ளை. அந்த வாக்கியத்தைச் சந்தனமாரி அப்படியே, ஓர் எழுத்து மாற்றாமல் தன் அறிக்கையில் எழுதிக்கொண்டாள்.

ஆட்டிசம் உண்டு என்றும் எழுதினாள். அதை மறைப்பது அவள் வழக்கம் அல்ல. கலைச்செல்வி அழுதபோது, “நோய்ன்னு நெனச்சு அழாத. அவ மனசு வேற தினுசா வேல செய்யுது, அதுக்கு ஒரு பேரு. பேரு தெரிஞ்சா நாம என்ன செய்யணும்னு தெரியும்லா” என்றாள். சத்தம் அவளை வதைக்கிறது, திடீர் மாற்றம் திகைக்க வைக்கிறது, பதில் சொல்ல நேரம் வேண்டும் என்று ஒரு பக்கம். கைநுணுக்கம், ஒழுங்கு, ஒரு தடவை கேட்ட விதியை மறக்காமை என்று இன்னொரு பக்கம். கடைசிப் பக்கத்தில் பள்ளிக்கூடம் செய்ய வேண்டியவை.

கெடு முடிகிற நாளில் அவளே பள்ளிக்கூடத்துக்குப் போனாள். கலைச்செல்வியும், சீருடையில் தேன்மொழியும் கூட இருந்தார்கள். தாளாளர் தேவசிகாமணி முதல் பக்கத்தில் ஒரு வரியைப் படித்ததுமே கோப்பை மூடிவிட்டார்.

“உண்டுன்னு நீங்களே போட்டுட்டீங்க. இதத்தான நாங்களும் சொல்லுதோம். இது கிளாஸ்ல சொன்னது எதையும் செய்யாது மேடம். பாவம், அதுக்கு ஒண்ணும் தெரியாது. ஏற்றவள் அல்லன்னு ஒரு வரி எழுதி ஒப்பம் போட்டுக் குடுங்க, முடிச்சிருவோம்.”

“‘அது’ இல்ல சார், தேன்மொழி. இங்கனதான் நிக்கா. மிச்சத்தையும் படிங்க.”

“படிச்சு என்ன ஆகப்போவுது?”

சந்தனமாரி ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். பேனாவின் மூடியைக் கழற்றி அதன்மேல் வைத்தாள். குரல் உயரவில்லை. “அரசாங்க அங்கீகாரம் வாங்கின ஸ்கூல்லா இது? ஆட்டிசம் இருக்கதுனால இந்தப் பிள்ளைய வெளிய அனுப்புதேன்னு நீங்க எழுதுங்க. தேதி போட்டு, சீல் வச்சு. சட்டம் என்ன சொல்லுதுன்னு நான் கலெக்டர் ஆபீஸ்ல கேட்டுக்கிடுதேன். என் கையால எழுத வச்சு இவள வெளிய தள்ளலாம்னு பாக்கியளா? எழுதுங்க அண்ணாச்சி, நாங்க இருக்கோம்.”

தேவசிகாமணி பேனாவைத் தொடவில்லை. கலைச்செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அந்த நேரம் பார்த்து வகுப்புத் தொடங்குகிற மணி அடித்தது. தேன்மொழி இரண்டு காதையும் இறுகப் பொத்திக்கொண்டாள். மணி நின்றதும் கையை எடுத்தாள். கீழே வைத்திருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அறையை விட்டு இறங்கி, நாலாம் வகுப்பைப் பார்த்து நடந்தாள்.

“ஏ பிள்ள, எங்க போற? இங்கன வா!” என்று தேவசிகாமணி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வந்தார்.

அந்தப் பிள்ளை மைதானத்தைக் கடந்து, நாலாம் வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றிச் சேர்த்து வைத்துவிட்டு உள்ளே நுழைகிற வரைக்கும், சந்தனமாரி இரண்டு கையாலும் தாளாளர் அறையின் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவருக்கு வழியை அடைத்து நின்றாள்.