முன்னால் நின்ற பூஜ்யம்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான்தான், நெய்வேலிச் சுரங்கத்துக்கு எழுபது ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர் ஆனேன். என் ஆட்களின் டோக்கன் எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் போட்டதும் என் யோசனைதான். 47 இன்னொரு காண்ட்ராக்டரின் ஆள். 047 என் ஆள்.

மந்தாரக்குப்பத்தில் எங்கள் காண்ட்ராக்டர் சங்க ஆபீசுக்கு, துளை போட்ட பழைய அட்டைகளில் இருந்த ஆள் விவரங்களைப் புதுக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒருவர் வந்தார். ஒல்லியானவர், நூல் கட்டிய கண்ணாடி. ஒவ்வொரு அட்டையையும் சட்டை நுனியால் துடைத்த பிறகே மெஷினில் வைப்பார்.

"ஐயா, டோக்கன் நம்பரை எண்ணா ஏத்துனா உங்க பூஜ்யம் நிக்காதுங்க, 047-உம் 47 ஆயிடும். எழுத்தா ஏத்துனா நிக்கும். ஆனா பத்து நாள் கூட ஆவும்" என்றார்.

"முன்னாடி நிக்கிற பூஜ்யத்துக்கு ஏதுய்யா மதிப்பு? மூணாவது படிச்ச எனக்கே தெரியுது. எண்ணாவே ஏத்து."

"மதிப்பு இல்லீங்க. ஆனா அதாலதான் ரெண்டு பேரும் வேற வேற ஆளா இருக்காங்க."

அந்த மழைக்காலத்தில் மண் சரிந்து என் 047 செத்தான். கம்ப்யூட்டர் காட்டிய 47-இன் விலாசத்துக்குச் செய்தி போனது. அந்தக் குடும்பம் அழுதுகொண்டிருக்கும்போதே, அந்த ஆள் ஷிப்ட் முடிந்து உயிரோடு வந்து நின்றான். வடக்குத்து கிராமத்தில் என் ஆளின் மனைவி மறுநாள் மத்தியானம்வரை சோற்றை மூடி வைத்துக் காத்திருந்தாள்.

பிணம் எடுக்கும்போது, அட்டைகளை ஏற்றிய அந்தக் கண்ணாடிக்காரரும் வந்திருந்தார். செத்தவனின் பித்தளை டோக்கனைச் சட்டை நுனியால் துடைத்து, பூஜ்யம் தெரிகிறதா என்று பார்த்து, அவள் கையில் கொடுத்தார்.

யாருக்கும் பதில் சொல்லத் தெரிந்தவன் நான். அவர் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஏன் கேட்காமலே போனார்?